தள்ளுவதற்கு ஓர் ஆள்

அண்ணனுடைய வண்டி சேற்றில் சிக்கினால் ஃபிஜித் தீவில் எங்கள் ட்ராசா மேட்டில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிடும். முதலில் எஞ்சின் இரண்டு தடவை உறுமும். பிறகு அடங்கும். அப்புறம் அவர் குரல் வரும்: "ஒரு கை புடிங்கப்பா!" பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். யார் காதில் விழுந்ததோ அவன் போகவேண்டும், அவ்வளவுதான். விழாத மாதிரி நானும் இருந்து பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் அதே குரல் கொஞ்சம் செல்லமாக வரும். "ரேடியோ பாடுது, வீட்ல ஆளு இல்லியா?" ரேடியோவை அணைத்தால், "அணைச்சிட்டியா? அப்ப வா" என்பார். இந்த மனுஷனிடம் எங்கே போய் ஒளிவது?

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாமரமும் ஒரு முள்கம்பி வேலியும்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மேட்டின் உச்சிவரை அவருக்குக் கரும்பு இருந்தது. நான் கரும்புப் பக்கமே போகாமல் லௌட்டோகாவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஆபீஸ் வேலை பார்த்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் தலைமுறையில் தமிழ் பேச ஆள் குறைவு. அண்ணனும் நானும் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதால் எங்களுக்குள் தமிழ்தான். பாதி இந்தி கலந்திருக்கும், அதனால் என்ன?

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான்கு தடித்த டயர் போட்ட மோட்டார் சைக்கிள் அது. பின்னால் மூட்டை வைக்க ஒரு கம்பித் தட்டு. குவாட் பைக் என்போம். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எங்கள் இந்திய ஜனங்கள் மாடு, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் சவேனிக்காரர் ஒருவர் கனடா போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. நான்கு சக்கரம் இருந்ததே தவிர, இழுத்தது பின்னால் இருந்த இரண்டு மட்டும்தான். முன்சக்கரங்கள் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா கூடவே வரும்.

மேல்காட்டுக் கரும்புக்குப் போகிற வழியில் ஒரு ஓடை. வெயில் காலத்தில் செருப்பு நனையாமல் தாண்டலாம். மழை விழுந்தால் அக்கரை ஏற்றத்தில் செம்மண் களியாகிவிடும். உரமூட்டையோடு அதில் ஏற அந்த இரண்டு சக்கரம் போதாது. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடிக்கும். யாராவது பின்னால் நின்று தள்ளவேண்டும். தள்ளுகிறவன் சேறாக, அண்ணன் மேலே ராஜா மாதிரி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், அடி சக்கை, இன்னும் கொஞ்சம்!" என்று உற்சாகப்படுத்துவார்.

ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டை, டை எல்லாம் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். மேலதிகாரி வருகிற நாள். ஓடைப் பக்கமிருந்து கூப்பாடு. "அண்ணே, ஆபீஸ் போறேன்!" என்று கத்தினேன். "ஆபீஸ் எங்க போவுது? ஒரே ஒரு தள்ளு!" ஒரே ஒரு தள்ளுதான். நெற்றியிலிருந்து முழங்கால்வரை செம்மண். அண்ணன் பதறிப்போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு சட்டை கொண்டுவந்து கொடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய செம்பருத்திப் பூப் போட்டது, அவருடைய தொப்பை அளவுக்குத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு, மேலே டையும் கட்டிக்கொண்டு மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

வண்டிக்கு மட்டும்தான் ஆள் வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்த மனுஷனுக்குத் தனியாக எதுவும் செய்யவராது. ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க லௌட்டோகாவுக்கு நான்கு பேரை அழைத்துக்கொண்டு போனார். பல் டாக்டர் வெளியே வந்து, "இதில் நோயாளி யார்?" என்று கேட்டாராம். சாயங்காலம் கிராக் கரைத்தாலும் அப்படித்தான். யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்து குடிக்கிறோமே, அதுதான் கிராக். ஒருவர் சிரட்டையை வாங்கிக் குடிக்க, மற்றவர்கள் கை தட்டவேண்டும் என்பது இங்கே முறை. பேசின் நிறையக் கரைத்து வைத்துவிட்டு, கை தட்ட ஓர் ஆள் வரும்வரை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் குணத்தை நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம். இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சாலையில் தடுப்பு, கடைகள் மூடல், எங்கெங்கோ இந்திய வீடுகளில் புகுந்து அடித்தார்கள் என்று சேதி. ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. அண்ணன் வீடு வீடாக வந்து கதவைத் தட்டினார். "தனித்தனியா பயந்து இன்னா புண்ணியம்? வாங்க, எல்லாம் ஒண்ணா ஒக்காந்து பயப்படலாம்."

அவருடைய பெரிய கொட்டகையில் ஏழு குடும்பம் மூன்று வாரம் ஒரே அடுப்பில் சமைத்தோம். எசாலாவும் வந்து உட்கார்ந்துகொண்டான். அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் எசாலாவின் குடும்பத்துடையது. இந்த மண்ணின் பூர்வ ஃபிஜியன், ஆனால் எங்களைவிட நன்றாக இந்தி பேசுவான். வாட்டசாட்டமான ஆள். குவாட் பைக்கைத் தெருமுனையில் நிறுத்தி, அதன்மேல் அவனும் அண்ணனும் முதுகோடு முதுகு சாய்ந்து பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். தெரியாத வேன் ஒன்று ஒருநாள் வந்து நின்றது. எசாலா எழுந்து போய் என்னவோ பேசினான். வேன் திரும்பிப் போய்விட்டது. என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, "இங்கே எல்லாரும் என் மாமன் மச்சான் என்றேன்" என்றான். அண்ணன் அன்றைக்கு அவன் கையை விடவே இல்லை.

எங்கள் பக்கத்தில் யாருக்கு விசா வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கொல்லையைப் பார்த்தால் போதும். போகிறவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். கண்பட்டுக் காரியம் கெட்டுவிடுமாம். ஆனால் காய்க்கும்போது இருக்கமாட்டோம் என்று தெரிந்தவள் எதற்கு மிளகாய் நடுவாள்? ஏப்ரலில் மழை விட்டதும் எல்லா வீட்டிலும் பாத்தி கட்டுவார்கள். எந்த வீட்டில் கட்டவில்லையோ அந்த வீடு போகப்போகிறது. அண்ணனுடைய தம்பி கனடா போனது அப்படித்தான் தெரிந்தது. அண்ணனின் பிள்ளை ஆக்லாந்து போனதும் அப்படித்தான்; மருமகள் அந்த வருஷம் வெண்டை போடவில்லை.

ஒவ்வொரு தடவையும் அண்ணன் கேரியர் என்கிற வாடகை லாரி பிடித்து, தெருவையே ஏற்றிக்கொண்டு நாந்தி விமான நிலையத்துக்குப் போவார். பிள்ளை போன மறுநாள் மழை. வண்டி சிக்கியது. பழக்கதோஷம், வாயில் பிள்ளை பெயர் வந்துவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டார். அப்புறம் சத்தமே இல்லை. நானாகவே இறங்கிப் போனேன். வண்டிமேல் உட்கார்ந்தபடி ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் உற்சாகப்படுத்தவும் இல்லை, நான் முணுமுணுக்கவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை அழைத்தான் என்று ஆக்லாந்து போனார். மூன்று மாதம் இருப்பதாகப் போனவர் பத்தாம் நாள் திரும்பி வந்து நிற்கிறார்.

"இன்னாண்ணே, குளிரா?"

"குளிர் கெடக்குது. பக்கத்து வீட்டுக்காரன் பேர் இன்னாடான்னு கேட்டேன். எம்மவனுக்குத் தெரியலப்பா. ஆறு மாசமா பக்கத்துல இருக்கான், பேர் தெரியல! அங்க வண்டி சிக்கினா நான் யாரைக் கூப்புடுவேன்?"

பிள்ளை நல்லவன். மாட்டுப் பண்ணையில் வேலை. அங்கே பழைய குவாட் பைக் மலிவு என்று, நான்கு சக்கரமும் இழுக்கிற, கியரே மாற்றவேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றைக் கப்பலில் அனுப்புகிறேன் என்று வருஷாவருஷம் சொல்வான். அண்ணன் பிடிகொடுக்கமாட்டார். ஒரு தடவை, அது பெட்ரோல் குடிக்கும் என்பார். ஒரு தடவை, அதன் பெல்ட் அறுந்தால் இங்கே கிடைக்காது என்பார். எசாலா பாக்தாதுக்குக் காவல் வேலைக்குப் போனபிறகு மேட்டில் தள்ளத் தெம்புள்ள ஆம்பிளை நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கு இடுப்புவலி வேறு. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, ஒரு பட்டன அழுத்தினா நாலு வீலும் இழுக்கும். யாரும் தள்ள வேணாம். வாங்கித் தொலைங்களேன்!"

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் நீ எதுக்கு?"

எரிச்சலில் எனக்கு அது கிண்டலாகத்தான் பட்டது. அவர் மனைவி, எங்கள் அண்ணி, வேலிக்கு அந்தப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "உங்க அண்ணனுக்கு வண்டியா முக்கியம்? ஆளு வரணும். அதுக்கோசரம் அந்த ஓட்ட வண்டிய வெச்சிருக்குது."

அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பும் வந்தது. என் மனைவி, "இனி ஒரு தடவை என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டு பிரிஸ்பேனுக்கு மனு போட்டாள். நர்ஸ்களை அங்கே இரண்டு கையாலும் வாரிக்கொண்டார்கள். மார்ச்சில் கடிதம் வந்தது. வருஷக் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும்.

ஆபீஸில் மட்டும் சொன்னேன், அண்ணனுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் போனால் மழைக்காலத்தில் மேல்காட்டுக்கு உரம் ஏறாது. அவருடைய கரும்பில் பாதி அங்கேதான் இருந்தது. அதை விட்டால் மீதிப் பாதியில் அவருக்கும் அண்ணிக்கும் ஜீவனம் நடக்காது, குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பெயர் தெரியாத தெருவுக்குத்தான் போகவேண்டும். ஓடையில் அவர் வண்டியைத் தள்ளும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் திரும்பிப் பார்த்து, "அடி சக்கை!" என்பார். வாய் வராது. நாளைக்கு என்று விட்டுவிடுவேன். ஏழு மாதம் அப்படி ஓட்டினேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அக்டோபரில் ஒருநாள் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார்.

"தம்பி, சனிக்கிழம லீவா? கப்பல்துறைக்கு ஒரு நட வரணும். பையன் வண்டி அனுப்பிச்சிருக்கான்."

"எந்த வண்டி?"

"அதான்பா, நீ வாங்கித் தொலைன்னியே."

என்னால் நம்ப முடியவில்லை. பச்சை நிறத்தில், கொஞ்சம் கீறல் விழுந்த, ஆனால் கம்பீரமான வண்டி. வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் மஞ்சள் பட்டன். ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு சக்கரம், மறுபக்கம் தள்ளினால் நான்கு. கியருக்குப் பதிலாக ஒரு கம்பி: முன்னே, நடு, பின்னே. வீட்டுக்கு ஓட்டிவந்தவரின் இடது கால் வழியெல்லாம் இல்லாத கியரைத் தேடி மிதித்துக்கொண்டே வந்தது. மறுநாள் மேட்டிலிருந்து இறங்கும்போது கம்பியை நடுவில் வைத்துவிட்டார். எஞ்சின் பிடி விட்டுப்போய், வண்டி சரசரவென்று இறங்கி எசாலாவின் அம்மா போட்டிருந்த கசாவாக் கிழங்குத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. கிழவி கையில் கத்தியோடு ஓடிவந்தாள்.

"முன்னயும் இல்லாம பின்னயும் இல்லாம நடுவுல வெச்சா நெதானமா எறங்கும்னு நெனச்சேன்பா" என்று எழுந்து முட்டியைத் தடவினார். கிழவி கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

நவம்பரில் முதல் பெரிய மழை விழுந்தது. மறுநாள் காலை, "வாங்கப்பா, வந்து பாருங்க!" என்று தெருவையே கூப்பிட்டார். இருந்ததே மூன்று வீடு. கம்பித் தட்டில் இரண்டு உரமூட்டை. பழக்கத்தில் நான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, சேறு படிந்த தட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

"நீ தள்ளாத. நவுரு" என்றார்.

நகர்ந்தேன். கட்டைவிரலால் பட்டனைத் தள்ளினார். முன்சக்கரம் இரண்டும் களியைக் கவ்வின. அந்த ஏற்றம், எத்தனையோ வருஷம் எங்கள் முதுகெலும்பை ஒடித்த ஏற்றம், பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. உறுமலே இல்லாமல் வண்டி மேலே போய் நின்றது. யாரோ கை தட்டினார்கள். என் இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் மேலிருந்து இறங்கி என்னிடம் நடந்து வந்தார்.

"பாத்தியா? இனிமே யாரும் வேணாம். நீ நிம்மதியாப் போ தம்பி."

"எங்கண்ணே?"

"எங்கன்னு நீதான் சொல்லணும். இந்த வருசம் உங்க வீட்ல மொளகா நடலியே. ஆடி மாசமே பாத்துட்டேன். அன்னிக்கே பையனுக்கு ஃபோன் போட்டு வண்டி அனுப்பச் சொல்லிட்டேன்."

ஊரில் இருக்கிற அத்தனை கொல்லையையும் படிக்கத் தெரிந்த நான், என் கொல்லையை மறந்துபோயிருந்தேன். அந்த மொட்டைக் கொல்லையைத் தினமும் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், என்னைத் தள்ளவிட்டு "அடி சக்கை" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் செம்மண் ஆனதுதான் மிச்சம்.

"பிரிஸ்பேன்" என்றேன்.

"சூடான ஊருதானே? நல்லது" என்றார்.

நாந்திக்கு எங்களோடு வந்தவர்கள் அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். கேரியரில் ஏற்ற வேறு ஆள் இல்லை.

ஐந்து வருஷம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. ஜனவரி, நல்ல மழை. தனியாகப் போய் அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். அண்ணனுக்குத் தொப்பை வற்றியிருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அண்ணி பெருமையாகச் சொன்னாள்: "வண்டி சும்மா சொல்லக்கூடாது. வந்த நாள்லேருந்து ஒரு நாள்கூட சிக்கல. காத்தால உங்க அண்ணன் தனியாப் போவுது, தனியா வருது. ஒரு சத்தம் கெடையாது."

சத்தம் கிடையாது என்று அவள் சொன்னது எனக்கு என்னவோ செய்தது. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் காலை அண்ணன் பின்தட்டைத் தட்டிக் காட்டினார். "ஏறு. மேல்காடு பாக்கலாம்." பிரிஸ்பேனிலிருந்து கொண்டுபோன வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தேன். ஓடை வந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. எஞ்சின் உறுமியது. இன்னொரு தடவை உறுமியது. பிறகு அடங்கியது.

"ஒரு கை புடி தம்பி" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

இறங்கினேன். பின்சக்கரம் இரண்டும் களியில் குழி பறித்திருந்தன. முன்சக்கரங்கள் களியைக் கவ்வவே இல்லை, அசையாமல் நின்றிருந்தன. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பட்டன் இரண்டு சக்கரத்துப் பக்கம் இருந்தது. அண்ணனின் கட்டைவிரல் அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, அதைத் தொடாமல், கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது.

காலணியைக் கழற்றிக் கரையில் வைத்தேன். பழைய இடத்தில் காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சேறு வாரி அடித்தது. "அடி சக்கை, இன்னும் கொஞ்சம்!" என்று அண்ணன் கத்தியது எசாலாவின் அம்மா வீடுவரைக்கும் கேட்டிருக்கும். கிழவி வாசலுக்கு வந்து பார்த்தாள். வண்டி மேலே ஏறியது.

"இன்னா வண்டி இது, ஆட்டோமேட்டிக்காம் ஆட்டோமேட்டிக்கு" என்றார் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக. "ஆள் இல்லாம ஏறுதா பாரு!"

"ஆமாண்ணே" என்றேன். "சுத்த மோசம்."

பதினோரு நாள் இருந்தேன். பதினோரு நாளும் வண்டி சிக்கியது. கொண்டுபோன சட்டைகளில் ஒன்றுகூட வெள்ளையாகத் திரும்பி வரவில்லை.